உசரம் பத்தாத ஹீரோவும் பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவும்!



தீம் பார்க் பத்தி உங்களுக்குப் பாடம் எடுக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஐ.வி.ங்கிற பேர்ல கொச்சிக்குப் போய், ஏதோ ஒரு ஃபேக்டரியில கால் மணி நேரம் தலையைக் காட்டிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் வொண்டர்லாவுல ஊறின பரம்பரை நாம. 2000-ல வீகாலேண்ட்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச அந்தப் பார்க்தான் நம்ம இன்ஜினியரிங் காலேஜ்களோட அறிவிக்கப்படாத லேப்!

ஆனா இது வேற மேட்டர். திடீர்னு ஒருநாள் உங்க அக்கா போன் பண்ணும். "கண்ணு, பசங்களுக்கு லீவு வுட்டாச்சு. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறோம். நீயும் வந்துரு சாமி, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்." அவ்ளோதான். ஒரே போன்ல நீங்க டூர் மேனேஜர், போட்டோகிராபர், ஐஸ்கிரீம் ஸ்பான்சர், தொலைஞ்சு போன செருப்பைத் தேடும் துறை அமைச்சர் எல்லாம் ஆயிடுவீங்க. ஃப்ரெண்ட்ஸோட போன பார்க் வேற, அஞ்சு வயசு வாண்டுகளோட போற பார்க் வேற. சிலபஸே மாறிடும்!

ஒரு ஞாயித்துக்கிழமையோட விலை

எங்க வெள்ளகோவில் ரோட்டுல விடியக்காலையில நின்னு பாருங்க. திருப்பூருக்கு ஆளேத்திட்டுப் போற கம்பெனி வண்டிங்க ஒண்ணொண்ணாக் கிளம்பும். ஒன்றரை ஷிஃப்ட் முடிச்சு அப்பாவோ அம்மாவோ வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். காலையில கிளம்பும்போதும் தூங்கிட்டுதான் இருக்கும். தறி ஓட்டுற வீடுன்னா இன்னும் விசேஷம். கரண்ட் இருக்கிற வரைக்கும் வேலை இருக்கும். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை துணி துவைக்கறது, சந்தை, கல்யாணம், காது குத்துன்னு ஓடிடும்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயித்துக்கிழமையையும் ரெண்டு வாரச் சேமிப்பையும் எடுத்து நம்ம கையில குடுக்கறாங்க. இதுல இன்னொண்ணு இருக்கு. குழந்தைக்கு மட்டுமில்ல, பல வீட்டுல அந்த அப்பா அம்மாவுக்கும் இதுதான் முதல் தீம் பார்க். அவங்க சின்ன வயசுல பார்த்த பார்க் எது தெரியுமா? மகா சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமி கோவில் தேர்த்திருவிழாவுல போட்ட தூரிதான். சொதப்பினா அடுத்த சான்ஸ் எப்போன்னு யாருக்கும் தெரியாது. அதனால கொஞ்சம் சீரியஸாவே பிளான் பண்ணுவோம்.

எங்கே போறது? முதல் தடவைக்குப் பக்கமாப் போங்க. நமக்கு மேட்டுப்பாளையம் – ஊட்டி ரோட்டுல நீலகிரி அடிவாரத்துல பிளாக் தண்டர் இருக்கு. கோவையில பேரூர்ப் பக்கம் சிறுவாணி ரோட்டுல கோவை கொண்டாட்டம் இருக்கு. காலையில போய் ராத்திரி வீடு வந்துடலாம். 2025 டிசம்பர்ல சென்னைக்குப் பக்கத்துல, திருப்போரூர் கிட்ட வொண்டர்லா வந்தாச்சு, நிஜம்தான். ஆனா ஆறேழு மணி நேரம் வண்டியில உட்கார்ந்து வாந்தி எடுத்த குழந்தைக்கு எந்த ராட்டினமும் ருசிக்காது.

"மடியில வெச்சுக்கறேனுங்க!"

போன லீவுல எங்க அக்கா பையனைக் கூட்டிட்டு ஒரு பார்க்குக்குப் போனோம். யூ.கே.ஜி. முடிச்ச ஹீரோ. வண்டி காங்கேயம் தாண்டறதுக்குள்ள 'டிராகன் ரயில்'ல எத்தனை ரவுண்டு போறதுன்னு கணக்குப் போட்டு முடிச்சுட்டான். அங்கே போய்ப் பார்த்தா வாசல்லயே உசரம் அளக்கிற பலகை. நிமிர்ந்து நின்னான், குதிகாலைத் தூக்கினான், முடியை மேலே கோதி விட்டான். நாலு விரல்கடை பத்தலை. எங்க மாமா ஆபரேட்டர்கிட்ட போய், "ஏனுங்க, ஒரே ஒரு ரவுண்டுங்க, மடியில வெச்சுக்கறேனுங்க"ன்னு கெஞ்சிப் பார்த்தார். அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டிட்டார்.

அவர் செஞ்சதுதான் கரெக்ட். ஏன்னு நாம மெக்கானிக்ஸ்ல படிச்சதை வெச்சே சொல்லலாம். தொடைமேல வந்து லாக் ஆகுதே கம்பி, அது ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுன்னா பெரியவரோட தொடையில முட்டி நின்னுடும். பக்கத்துல இருக்கிற பொடியனுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு பெரிய சந்து இருக்கும். வண்டி திரும்பும்போது அவன் அந்தச் சந்து வழியா நழுவலாம். மடியில வெச்சா கேக்கவே வேண்டாம், அவனுக்கு லாக்கே கிடையாது. வளைவுல அவனோட எடை பல மடங்காத் தெரியும்போது நம்ம கைப்பிடி நிக்காது.

இன்னொண்ணு, குழந்தைங்க நம்மளோட ஜெராக்ஸ் காப்பி கிடையாது. பொறக்கும்போது தலை மட்டுமே மொத்த உசரத்துல கால் பங்கு. பெரியவங்களுக்கு எட்டுல ஒரு பங்குதான். அஞ்சு வயசுல தலை பெருசு, கழுத்து பூஞ்சை, கால் தரையில எட்டாது. சென்டர் ஆஃப் கிராவிட்டி மேலே இருக்கு. அதனாலதான் பார்க்குல வயசைக் கேக்காம உசரத்தை அளக்கறாங்க. பொய் சொல்லி உள்ளே அனுப்பறது பாசம் இல்லீங்க. 2016 மே மாசம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவுல, சோதனை ஓட்டத்துலயே ஒரு ராட்டினம் உடைஞ்சு ஊழியர் ஒருத்தர் இறந்தார். இதெல்லாம் விளையாட்டுப் பொருள் மாதிரி இருக்கிற கனரக மெஷின்.

என்ன பண்ணலாம்? நம்ம ஊர்ல எந்த வீட்டுல இன்ச் டேப் இல்ல, சொல்லுங்க! கிளம்பறதுக்கு முன்னாடியே கதவோரம் நிறுத்தி அளந்துடுங்க. பார்க்குக்கு ஒரு போன் போட்டு எதெதுக்கு எவ்வளவு உசரம்னு கேட்டுக்குங்க. அப்புறம் குழந்தைகிட்ட, "இதுலயெல்லாம் நீ போகலாம்"னு மட்டும் ஒரு லிஸ்ட் சொல்லுங்க. வாசல்ல வந்து தெரிஞ்சுக்கிற 'முடியாது'தான் அழுகை. வீட்டுலயே தெரிஞ்சா அது வெறும் தகவல்.

காட்டன் ஊர்க்காரங்களுக்கு நைலான் பாடம்

உலகத்துக்கே காட்டன் டி-ஷர்ட் தைச்சு அனுப்புற ஊரு நம்மது. ஆனா பல பார்க்குல காட்டனோட தண்ணிக்குள்ள விட மாட்டாங்க. காட்டன் தண்ணியைக் குடிச்சுக் கனத்துடும். நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல போய் அடைக்கும். அங்கே போய் அவசரத்துல கூட வெலை குடுத்து வாங்காம, முந்தின வாரமே காதர்பேட்டைக்கு ஒரு நடை போய் பாலியஸ்டர், நைலான்ல எடுத்துடுங்க. பளிச்சுனு ஆரஞ்சு, ராமர் பச்சை மாதிரி கலர் எடுங்க. நீலம் மட்டும் வேண்டாம். நீச்சல் குளத்துல நீலச் சட்டைக் குழந்தை கண்ணுக்கே தெரியாது.

அலைக் குளம் எப்படி வேலை செய்யுதுன்னு வாண்டு கேப்பான், தயாரா இருங்க. ஆழமான பக்கம் சுவருக்குப் பின்னாடி பெரிய பெரிய அறைகள் இருக்கும். ப்ளோயர் காத்தை உள்ளே அழுத்தும்போது அறையில இருக்கிற தண்ணி கீழே இறங்கிக் குளத்துக்குள்ள தள்ளப்படும். காத்தைத் திறந்து விட்டா திரும்ப ஏறும். இப்படியே மாத்தி மாத்திச் செஞ்சா அலை. இதைச் சொல்லி முடிக்கும்போது வாண்டு உங்க கையைப் புடிச்சிருக்கணும், அதுதான் முக்கியம். தண்ணியில மூழ்கற குழந்தை சினிமாவுல வர்ற மாதிரி கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமப் போயிடும். அதனால ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவங்க, கை எட்டற தூரம். அந்த நேரத்துல ரீல்ஸ் எடுக்கிறவர் 'பெரியவங்க' கணக்குல வர மாட்டார்!

உதடு நடுங்க ஆரம்பிச்சா உடனே வெளியே தூக்கிடுங்க. சின்ன உடம்புல எடைக்கு ஏத்த அளவைவிடத் தோல் பரப்பு அதிகம். சூடு சீக்கிரம் வெளியே போயிடும். ஹீட் ட்ரான்ஸ்ஃபர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்.

'அப்படியே'ங்கிற அபாயம்

நம்ம வீட்டு டூரைக் கெடுக்கறது ஒரே வார்த்தைதான். அது, 'அப்படியே'. "அவ்ளோ தூரம் போறோம், அப்படியே மருதமலைக்கும் போயிட்டு, அப்படியே தேக்கம்பட்டி வனபத்திரகாளியம்மனையும் கும்பிட்டுட்டு, அப்படியே ஒண்டிப்புதூர் பெரியம்மா வீட்டுல காப்பி குடிச்சுட்டு..." பார்க்குக்குள்ள நுழையும்போது மணி ஒண்ணு ஆயிருக்கும். குழந்தை தூங்கிட்டு இருக்கும். சாமிக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, கோவிச்சுக்காது.

நமக்கு இன்னொரு வியாதி இருக்கு. டிக்கெட் காசை 'எடுக்கணும்'! அத்தனை ராட்டினத்தையும் டிக் அடிக்கணும். வாண்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. குதிரை ராட்டினத்துல வெள்ளைக் குதிரை புடிச்சிருச்சுன்னா நாலு தடவை அதுலயே போவான். போகட்டும். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் நிழல்ல தூங்கட்டும். சாயங்காலம் அவன் அழறதுக்கு முன்னாடி கிளம்புங்க, அழுததுக்கு அப்புறம் இல்ல.

எல்லாருக்கும் ஒரே கலர் டி-ஷர்ட் போடுங்க (பனியன் ஊர்ல இது கூடவா முடியாது?). காலையில குழந்தையை அந்த டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கையில அப்பாவோட போன் நம்பரைப் பேனாவுல எழுதிடுங்க. தொலைஞ்சா எங்கே நிக்கணும்னு உள்ளே போனதும் ஒரு இடத்தைக் காட்டிடுங்க. சில நிமிஷ வேலைதான்.

பைகளுக்குக் காவல் யாரு?

இப்போ முக்கியமான மேட்டருக்கு வர்றேன்.

வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலிஸ்ல இருக்கிற கிரிஃபித் பார்க்குக்குத் தன்னோட ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போவார். பொண்ணுங்க குதிரை ராட்டினத்துல சுத்தும். அப்பா பெஞ்சுல உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து விளையாட ஒரு இடம் ஏன் இல்லேன்னு அந்த பெஞ்சுல தோணினதாப் பின்னாடி அவரே சொல்லியிருக்கார். 1955 ஜூலை 17-ல டிஸ்னிலேண்ட் திறந்தாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கிற தீம் பார்க் ஐடியாவுக்கு ஒரு அப்பாவோட போரடிச்ச ஞாபகமும் ஒரு காரணம்.

இப்போ நம்ம ஊர் குடும்பம் ஏதாவது ஒரு பார்க்குல எப்படி இருக்குன்னு பாருங்க. நிழலா ஒரு பெஞ்சு. அதுல கட்டுச்சோத்துப் பை, ஈரத் துணிப் பை, செருப்பு, எல்லாரோட போனும். நடுவுல ஒரு அம்மா, இல்லேன்னா அம்மாயி. "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் பையைப் பாத்துக்கறேன். எனக்கெதுக்கு இதெல்லாம்?" டிக்கெட் மட்டும் அவங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருப்போம்! வாரம் பூரா மெஷின் முன்னாடி உட்கார்ந்த மனுஷி, கெடைச்ச ஒரு ஞாயித்துக்கிழமையும் பையோட உட்காரணுமா?

லாக்கர் எடுங்க. ஒரு ஐஸ்கிரீம் செலவைக் குறைச்சா முடியற விஷயம். அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஏறுற மாதிரி மெதுவா ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. ஜெயன்ட் வீல் இருக்கே, 1893-ல சிகாகோ கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ்னு ஒரு பாலம் கட்டுற இன்ஜினியர் செஞ்சது. 264 அடி உசரம், 36 கூண்டு, கூண்டுக்கு 60 பேர். கோட்டு போட்ட கனவான்லேர்ந்து குழந்தை வரைக்கும் ஒண்ணா உட்கார்ந்து சுத்தினாங்க. நம்ம திருவிழா தூரியோட பெரியப்பா அது.

நான் சொன்ன அந்த டிரிப்புல மூணு மணிக்குப் பைகளையெல்லாம் லாக்கர்ல போட்டுட்டு, எங்க அம்மாவைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் சுத்துற கப்பல்ல உட்கார வெச்சோம். உசரம் பத்தாத நம்ம ஹீரோவும் அதுல ஏறலாம். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் முழங்கையில நகத்தைப் பதிச்சுது. எதிர்ல உட்கார்ந்திருந்த ஹீரோ, "அம்மாயி, பயப்படாத, நான் இருக்கறனில்ல!"ன்னான். இறங்கினதும் சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, யாருக்கும் கேக்காத மாதிரி என்கிட்ட கேட்டுது: "இன்னொருக்கா போலாமாடா?"

மூணு தடவை போனோம்.

அதனால மக்களே, உங்க குடும்ப டூருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்குப் பதில் எழுதி வெச்சுக்குங்க. குட்டிப் பையன் எதெதுல ஏறலாம்? அம்மா எதுல ஏறப் போறாங்க? மத்ததெல்லாம் சாய்ஸ்ல விட்டுடலாம்.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட வர்றேன். டாட்டா!