பாரதியின் காதில் விழுந்த பாட்டு

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரமாக இருக்கிறது வீராம்பட்டினம். மீனவர் ஊர். செங்கழுநீர் அம்மன் கோவில் அங்கே பெயர் பெற்றது. ஆடி மாதம் தேர்த் திருவிழா நடக்கும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துக் கொடுப்பார். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. வழக்கம் போகவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

ஊருக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945-ல் வீலர் என்ற ஆங்கிலேயர் அந்த மேட்டைத் தோண்டினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தின் அடையாளங்கள் கிடைத்தன. பானை ஓடுகள் கிடைத்தன. பாசிமணிகள் கிடைத்தன. அந்த மணியைக் கோத்தவர்கள் வாயை மூடிக்கொண்டா கோத்திருப்பார்கள்? ஏதாவது பாடியிருப்பார்கள். அது கிடைக்கவில்லை. மண்ணுக்குள் ஓடு இருக்கும், மணி இருக்கும். பாட்டு இருக்காது.

இப்போது அதே கடற்கரையில் இன்னொரு பாட்டு மெல்ல மறைந்து வருகிறது. அதற்கு அம்பா என்று பெயர். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் எல்லாம் அது உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடுவது. துடுப்புப் போடும்போது பாடுவது. கட்டுமரத்தைத் தூக்கி வரும்போது பாடுவது.

ஒருவர் முதல் அடியைப் பாடுவார். மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். வாங்கிப் பாடும் அந்த நொடியில்தான் எல்லாக் கையும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கும். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி இழுத்தால் வலை நகராது. உள்ளங்கைத் தோல்தான் போகும். ஆகவே அங்கே பாட்டு பொழுதுபோக்கு அல்ல. அதுவும் ஒரு கருவி. கடவுளைக் கும்பிடும் அடியும் அதில் வரும். வீட்டுக்காரியை நினைக்கும் அடியும் வரும். படகுக்குச் சொந்தக்காரரைக் கிண்டல் செய்யும் அடியும் நடுவிலே வந்துவிடும்!

"இதெல்லாம் சங்கீதமா?" என்று சிலர் கேட்பார்கள். சபாவில், தம்புரா மீட்டி, பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு பாடினால்தான் சங்கீதம் என்பது அவர்கள் எண்ணம்.

அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். வீராம்பட்டினத்துக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில், புதுச்சேரி நகரத்தில், பத்து ஆண்டு குடியிருந்தவர். அவர்தான் பாரதியார்.

தெருவே கச்சேரி

1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரை அங்கே இருந்தார். ஆங்கில அரசாங்கம் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தார். கையில் காசு இல்லை. ஆனால் ஆசைகளுக்குக் குறைவில்லை. அரவிந்தரோடு சேர்ந்து வேதம் படித்தார். கீதையைத் தமிழாக்கினார். பெல்ஜியம் நாட்டை வாழ்த்திப் பாடினார். ருஷியப் புரட்சியைப் பாடினார்.

இத்தனைக்கும் நடுவில் சங்கீதப் பைத்தியம் வேறு. அவர் கச்சேரி வித்துவான் அல்ல. பணத்துக்காகப் பாடியவரும் அல்ல. தம் பாட்டுக்கு ராகமும் தாளமும் தாமே குறிப்பார். தாமே பாடுவார்.

அவர் சங்கீதம் கேட்ட இடம் எது தெரியுமா? தெரு!

பாம்புப் பிடாரன் குழல் ஊதிக்கொண்டு போகிறான். பாரதியாருக்குச் சிந்தனை ஓடுகிறது. இந்த இசை எங்கேயிருந்து வருகிறது? குழலிலிருந்தா? குழலின் துளையிலிருந்தா? பிடாரன் மூச்சிலிருந்தா? அவன் மனத்திலிருந்தா? இப்படியே நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஜரிகைக்காரன் ஒருவன் கூவிக்கொண்டு போகிறான். உற்றுக் கேட்டால், பிடாரன் ஊதிய அதே சுருதி! கருவிதான் வேறு, இரண்டிலும் பாடுவது ஒரே சக்திதான் என்று பாரதியாருக்குத் தோன்றுகிறது. இதை வசன கவிதையாக எழுதி வைத்தார்.

ஜரிகைக்காரன் கூவுவதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! ஜரிகை வேண்டியவர்கள் கதவைத் திறந்திருப்பார்கள். வேண்டாதவர்கள் சும்மா இருந்திருப்பார்கள். அதில் சுருதியைக் கேட்டவர் ஒருவர்தான்.

இன்னொரு கதையில் குடுகுடுப்பைக்காரன் வருகிறான். புதுச்சேரிக்கு வேதபுரம் என்று பெயர் வைத்து எழுதிய கதை அது. முப்பத்தைந்து தாளங்களையும் அந்தக் குடுகுடுப்பைக்காரன் தன் சின்ன உடுக்கையில் தட்டிக் காட்டுகிறானாம். முப்பத்தைந்து என்பது வாய்க்கு வந்த கணக்கு அல்ல. சங்கீத சாஸ்திரத்தில் தாளம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஜாதி ஐந்து. ஏழைந்து முப்பத்தைந்து. பெரிய மிருதங்க வித்துவானுக்கு உரிய கணக்கைத் தெருவில் பிச்சைக்கு வருகிறவன் கையில் கொடுத்தார் பாரதியார். வேடிக்கைக்காகத்தான் எழுதினார். ஆனாலும் அதற்குள் மரியாதை இருக்கிறது.

தம் பாட்டுகளுக்கும் அப்படிப்பட்ட மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். கும்மி, காவடிச் சிந்து, நொண்டிச் சிந்து, கிளிக்கண்ணி, ஒன்றையும் விடவில்லை. பயத்தை விரட்டும் 'அச்சமில்லை' பாட்டு எந்த மெட்டு? வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் பண்டாரத்தின் மெட்டு. பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், பாட்டு என்றால் எல்லாருக்கும் புரிகிற சொல்லும், ஜனங்களுக்குப் பிடித்த மெட்டும் வேண்டும் என்று எழுதினார்.

கச்சேரி வித்துவான்களை அவர் சும்மா விடவில்லை. எங்கே போனாலும் அதே சில கீர்த்தனைகள், பாடுகிறவருக்கும் பொருள் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது என்று கண்டித்தார். ஆர்மோனியத்தின் மேல் அவருக்குக் கோபமோ கோபம். அதில் அவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நாடகக் கொட்டகைகளை வாழவைத்ததே ஆர்மோனியம்தானே! பிற்காலத்தில் வானொலியும் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது.

நான்கில் மூன்று

பாரதியாரின் குயில் பாட்டில், தன் நெஞ்சைப் பறிகொடுத்த இசைகளைக் குயில் வரிசையாகச் சொல்லுகிறது. ஏற்றம் இறைப்பவன் பாட்டு. நெல் குத்தும் பெண்கள் எழுப்பும் ஒலி. சுண்ணாம்பு இடிப்பவர்கள் பாட்டு. பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் பாட்டு. குழலும் வீணையும்கூட அந்த வரிசையில் உண்டு. ஆனால் இவற்றுக்குப் பிறகுதான் வருகின்றன.

முதல் நான்கையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

ஏற்றம் போய்விட்டது. மின்சாரப் பம்பு வந்துவிட்டது. உலக்கை பரண்மேல் ஏறிவிட்டது. ரைஸ் மில் வந்துவிட்டது. சுண்ணாம்பு இடிப்பது நின்றுவிட்டது. சிமெண்டு மூட்டை வந்துவிட்டது. மிச்சம் இருப்பது கும்மி ஒன்று. அதையும் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பார்த்தால்தான் உண்டு.

கடற்கரையிலும் இதே கதைதான். படகில் இயந்திரம் வந்தது. இயந்திரம் ஓடும் சத்தத்தில் பாடினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. துடுப்பு இல்லாதபோது துடுப்புப் பாட்டு எதற்கு?

மறுபடி உலக்கையைத் தூக்குங்கள், மறுபடி ஏற்றம் இறையுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கை காய்த்துப்போனவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இயந்திரம் வந்தது நல்லதே. வேலை போகட்டும். பாட்டும் கூடவே போக வேண்டுமா?

போக விடாமல் பிடித்து வைத்தவர்கள் சிலர் உண்டு. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி தமிழ்நாட்டு நாட்டுப்பாடல்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். கி. வா. ஜகந்நாதன் அவற்றைப் பதிப்பித்தார். 1958-ல் 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் அந்தப் புத்தகத்தை வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலை மேலும் ஏராளமாகச் சேர்த்துக் கொடுத்தார். ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டு இசை மேதை பார்டோக், 1906-ம் ஆண்டு வாக்கிலேயே பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். குடியானவர்கள் பாடியதை மெழுகு உருளைகளில் பிடித்து வந்தார். அவர் பாரதியாரைவிட ஒரு வயது மூத்தவர். ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஆனாலும் இருவர் காதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது!

புத்தகத்தில் சொல் இருக்கும். மெட்டு இருக்காது. மெட்டு வாயில்தான் இருக்கிறது. அந்த வாய்களுக்கு இப்போது எழுபது வயது, எண்பது வயது.

வீட்டுப் பாட்டு

நம் வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பாட்டி தாலாட்டை முணுமுணுத்தால் பேரன் சிரிக்கிறான். அப்பா குளித்துக்கொண்டே பாடினால் வீடே கேலி செய்கிறது. "டி.வி.யில் நல்லா பாடுறாங்களே, நீங்க எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நன்றாகப் பாடுகிறவர்கள் மட்டுமே பாட வேண்டும் என்றால், நன்றாகச் சமைக்கிறவர்கள் மட்டுமே சமைக்க வேண்டும் என்றும் சட்டம் போட வேண்டியதுதான். முக்கால்வாசிப் பேர் பட்டினி!

புதுச்சேரியில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. ஓர் இளைஞர், தமிழ் வாத்தியார், விருந்துக்குப் பிறகு பாரதியாரின் 'வீர சுதந்திரம்' பாட்டைப் பாடினார். சபை அல்ல, கச்சேரி அல்ல, கூடியிருந்தவர்கள் பாடச் சொன்னார்கள், பாடினார். அந்தப் பாட்டை எழுதியவரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அன்று தொடங்கிய பழக்கத்தில்தான் கனக சுப்புரத்தினம் என்ற அந்த வாத்தியார் பாரதிதாசன் ஆனார். 'நமக்கு எதற்குப் பாட்டு' என்று அவர் அன்று வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால்?

மாக்வீனுக்கும் பார்டோக்குக்கும் கிடைக்காத வசதி இன்று கைக்குள் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பையன் சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. அதில் பாட்டைப் பிடித்து வைக்கலாம். தாத்தா எதிரே அதை வைத்து, "வலை இழுக்கும்போது என்ன பாடுவீங்க தாத்தா?" என்று கேட்டால் போதும். முதலில் வெட்கப்படுவார். "அதெல்லாம் மறந்துபோச்சுடா" என்பார். சும்மா உட்கார வைத்துக் கேட்டால் வராது. கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொன்னால், பாட்டு தானாக வரும். கைக்கும் வாய்க்கும் அப்படி ஒரு முடிச்சு!

வீராம்பட்டினத்து ஆடித் தேருக்குப் பல ஊர்களிலிருந்து ஜனங்கள் கூடுகிறார்கள். கரைவலை இழுத்த பெரியவர்களை அந்த நாளில் அழைத்து உட்கார வைத்து, அம்பா பாடச் சொல்லலாம். அரை மணி நேரம் போதும். ஒலிபெருக்கி கூட வேண்டாம். கடல் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டைகள் அவை.