ஓஎஸ் போட ஐந்நூறு ரூபாய்

பவானியில் ஒரு லேப்டாப்புக்கு 'ஓஎஸ் போட' ஐந்நூறு ரூபாய். கடைக்காரர் மேசை டிராயரிலிருந்து ஒரு பென்டிரைவை எடுப்பார், சொருகுவார், அரை மணி நேரத்தில் விண்டோஸ் வந்துவிடும். அந்தப் பென்டிரைவுக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

போன மாசம் பக்கத்து வீட்டுப் பெண் தன் அண்ணனுடைய பழைய அரசு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஈரோட்டில் கல்லூரியில் படிக்கிறவள். "ஏனுங்ணா, கடைல ஓஎஸ் போட்டதுலருந்து ஒரே விளம்பரமா வருதுங்ணா. ஆன்டிவைரஸ ஆன் பண்ணவே கூடாதுன்னு வேற சொல்லி உட்டாங்க."

ஆன் பண்ணினால் திருட்டு லைசென்ஸை உண்டாக்கும் நிரலை அது பிடித்துவிடும், அதனால்தான். பூட்டை உடைத்துவிட்டு, கதவைச் சாத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது போல.

கடைக்காரரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் பிழைக்கிறார். என் சண்டை நம்மோடு, அதாவது 'கட்டற்ற மென்பொருள்' என்று தமிழில் பக்கம் பக்கமாக எழுதியும் படித்தும் வந்த நம்மோடு.

2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் பிள்ளைகள் கைக்குப் போயின. வாங்கிக் கொடுத்த எல்காட், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், உமாசங்கர் ஐஏஎஸ் காலத்தில், தன் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிய நிறுவனம். லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் எதற்கு என்று நம்மாட்கள் அன்றைக்குக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் அந்தப் பிள்ளை இரண்டில் ஒன்றையாவது மறுபடி எங்கே போய் வாங்கும் என்ற கேள்வி, எனக்குத் தெரிந்து, அந்தச் சத்தத்தில் காதில் விழவேயில்லை.

அதே 2011இல்தான் உபுண்டுவின் ஷிப்இட் நின்றது. 2005 முதல், கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் சிடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அட்டை உறையோடு வரும். நான் மூன்று முறை வாங்கினேன், ஒன்றைத்தான் உருப்படியாகப் பயன்படுத்தினேன். 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோடு ஒட்டி வந்த டிவிடிகளும் உண்டு. அதாவது, சிடி வீடு தேடி வந்த காலம் முடிந்த வருஷமே கருவி வீடு தேடி வந்த காலம் தொடங்கியது. நடுவில் ஒன்று மட்டும் விட்டுப்போனது: அந்தச் சிடியை நாமே செய்துகொள்வது எப்படி என்பது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் உபுண்டு ஒரு பாடம். திரையில் எந்த ஐகான் எங்கே என்று ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பூட் பென்டிரைவ் செய்த பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதென்ன பெரிய வித்தையா? இல்லை. ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாக பென்டிரைவில் காப்பி பண்ணிவிட்டு 'பூட் ஆகலையே' என்று முழிக்காத ஆள் கிடையாது. கோப்பாகப் போடக்கூடாது, பைட்டுக்குப் பைட் பென்டிரைவின் மேலேயே எழுத வேண்டும். விண்டோஸில் ரூஃபஸ், லினக்ஸில் டிடி. டிடியில் எழுத வேண்டிய இடத்தைச் சொல்லும்போது ஓர் எழுத்து மாறினால் போச்சு. எஸ்டிபி என்று அடிப்பதற்குப் பதில் எஸ்டிஏ என்று அடித்து, அக்கா கல்யாணப் போட்டோ முழுவதையும் நான் அழித்திருக்கிறேன். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். எது எந்த டிஸ்க் என்று முதலில் எல்எஸ்பிஎல்கே அடித்துப் பார், கொள்ளளவைப் பார், அப்புறம் எண்டர் தட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் போட்டோக்கள் இருந்திருக்கும்.

சரிபார்ப்பதைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் கொட்டாவி வருகிறது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், டவுன்லோடு சுட்டியை மாற்றி, பின்கதவு வைத்த 17.3 சினமன் ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். அதனால்தான் ஷா256 தொகையின் அறுபத்து நாலு எழுத்தையும் ஒப்பிட வேண்டும். தளத்துக்குள் புகுந்தவன் அதே பக்கத்தில் இருக்கும் தொகையையும் மாற்றலாம் என்பதால் கையொப்பத்தையும் பார்க்க வேண்டும். பவானிக்காரர்களுக்கு இது புதுசில்லை. விசைத்தறியில் வேறெங்கோ ஓட்டியதைப் 'பவானி ஜமக்காளம்' என்று விற்கிறார்கள் என்றுதானே புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம்? ஜமக்காளத்துக்குக் கேட்கிற கேள்வியை பென்டிரைவுக்குக் கேட்க மாட்டோமாம்.

'டேலி வேணும், போட்டோஷாப் வேணும், விண்டோஸ் இல்லாம முடியாதுங்க' என்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. நிறுவல் பென்டிரைவ் செய்கிற கருவியை மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிறது. அதையாவது உங்கள் கையால் செய்யுங்கள். ஆனால் 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 முதலான தகுதிகள் அந்தப் பழைய அரசு லேப்டாப்புகளுக்கு இல்லை. பரண் மேல் கிடக்கும் அவற்றுக்கு மிச்சமிருப்பது கடைக்காரரின் டிராயர் அல்லது லினக்ஸ். லினக்ஸை நண்பனிடமிருந்து நகலெடுப்பது திருட்டுமில்லை, உரிமமே நகலெடு என்றுதான் சொல்கிறது. தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் ஓட்டுகிற பிள்ளைக்கு ஐஎஸ்ஓ இறக்க நாலு நாள் ஆகும் என்பதால், இதை இணையத்தில் எழுதிப் புண்ணியமில்லை. ஊருக்கு ஒருவர் கையில் பென்டிரைவ் இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. முதல் நாள் அவள் கொண்டுவந்த '64 ஜிபி' டூப்ளிகேட், உண்மையில் எட்டுகூட இல்லை. மறுநாள் என்னுடையதில், லுபுண்டு. ஷா256 எழுத்துகளை அவள் சத்தமாக வாசிக்க வாசிக்க நான் திரையில் விரல் வைத்துப் பார்த்தேன். டிடியை அவளே அடித்தாள், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பென்டிரைவ் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டால், "காலேஜ்ல மூணு பேரு கேட்டிருக்காங்ணா, முடிச்சுட்டுக் குடுக்கறேன்" என்கிறாள். நானூறு ரூபாய் பென்டிரைவ் அது.