மின்சாரம் போய்த் திரும்பும் வேளை

கொடைக்கானலிலிருந்து மேற்கே மன்னவனூர் வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் பூண்டியை அடையலாம். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அம்மலைச் சிற்றூரில் இரவுக்குக் கம்பளி வேண்டுமேயன்றி ஏ.சி. வேண்டுவதில்லை. ஆயினும் சமவெளியிலுள்ள அன்பர்கள் தங்கள் ஏ.சி.யைக் காக்கும் வழியை அங்கிருந்தே கற்கலாம். ஏ.சி.க்குள் இயங்குவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இயங்குவதும் கம்ப்ரசர்தானே! காட்டினூடே நெடுந்தொலைவு வரும் மின்கம்பியின் கடைக்கோடியில் அதற்கு நேரும் சோதனை மிகுதி.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் உள்ள இல்லத்தில் அப்பெட்டி ஆடம்பரப் பொருளன்று. திறவாத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படாது. மலைக்குளிரை நம்பி அலமாரியில் வைத்தால், பகல் வெயில் ஏறியதும் அக்குளிர் இராது.

வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். கம்பி நீள நீள, மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கேற்றும் வேளையில், கடைசி வீட்டில் அது தாழ்கிறது. குண்டு விளக்கானால் மங்கும், அவ்வளவே. மோட்டாரோ சுழலத் தொடங்க இயலாமல் முனகும். அந்நிலையில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, உள்ளிருக்கும் கம்பிச்சுற்றுக் கருகும்.

2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் கொடைக்கானல் மலையிலும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. அத்தகைய நாட்களில் மின்சாரம் போவதைவிட அது திரும்புவதே அஞ்சத்தக்கது. நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும். மேலும், நின்ற கம்ப்ரசரின் இருபுறத்து வாயு அழுத்தம் சமநிலை அடையச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அதனை ஓட்ட முயல்வது, சுமையேறிய வண்டியை மேட்டில் நிறுத்திக் கிளப்புவதை ஒக்கும். மின்சாரம் வந்ததும் ஓடிச்சென்று சுவிட்சைத் தட்டும் அவசரம் நம்மிடமும் இருந்ததுண்டு!

ஆகவே ஸ்டெபிலைசர் வாங்குவோர், மின்சாரம் திரும்பியபின் மூன்று நிமிடமேனும் தாமதித்து இணைப்பதும், அழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டிப்பதுமான ஒன்றையே கேட்டு வாங்குக. அதற்குமுன் மாலை ஏழு மணியளவில் மின்பணியாளரைக் கொண்டு அழுத்தத்தை அளக்கச் செய்தல் நலம். 150 வோல்ட்டுக்கு இறங்கும் வீட்டில், 170-இலிருந்து வேலை செய்யும் கருவி என் செய்யும்? ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 கே.வி.ஏ. கருவி பொருத்துவது வழக்கம். குளிர்சாதனப் பெட்டிக்கான சிறு கருவி அதனைத் தாங்காது. இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு ஸ்டெபிலைசரே வேண்டா என்பர். அச்சொல் அதன் குறிப்பேட்டில் அச்சிட்ட அழுத்த எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

இடிமின்னலுக்கு ஸ்டெபிலைசரை நம்பலாகாது. வானம் இருளும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக. சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது.

இன்னொன்றும் உண்டு. தாழ்ந்த அழுத்தத்தை உயர்த்தித் தரும் ஸ்டெபிலைசர், அதற்கு ஈடாகக் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. தெருவில் பத்து வீட்டார் அதனை மாட்டினால், பதினோராம் வீட்டின் அழுத்தம் மேலும் சரியும். நாள்தோறும் அழுத்தம் தாழும் ஊரில் தேவைப்படுவது பருமனான கம்பியோ அருகில் ஒரு மின்மாற்றியோதான். பத்து நாள் மாலை அளவுகளைத் தேதியும் நேரமுமிட்டு எழுதி, தெருவார் அனைவரும் கையொப்பமிட்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்று வருக.