கேட்டுப் பெறுதலே முறை

மனித உடலிலிருந்து நேரே எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படுங் கலங்களை முதனிலைக் கலங்கள் என்பர். சத்திரசிகிச்சையில் அகற்றப்படும் இழையம், கொடையாகப் பெறுங் குருதி, பிள்ளைப்பேற்றின்பின் கழிக்கப்படுங் கொப்பூழ்க்கொடி ஆகியவற்றிலிருந்து இவை கிடைக்கின்றன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. 1949 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரில் என்டர்ஸ், வெல்லர், றொபின்ஸ் என்னும் மூவர் மனிதக் கருவின் இழையங்களில் இளம்பிள்ளைவாத வைரசை வளர்த்துக் காட்டினர். அந்நோய்க்குத் தடுப்புமருந்து காணும் வழியைத் திறந்தது அவ்வாய்வே. 1954 இல் அவர்களுக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இறவாது பெருகுங் கலங்கள் இருக்க இவற்றை நாடுவானேன் எனச் சிலர் வினவலாம். இறவாக் கலங்கள் பெரும்பாலும் இயல்பு திரிந்தவை. மனிதக் கலத்தில் நிறமூர்த்தங்கள் 46. ஹீலா என்னும் புற்றுநோய்க் கலங்களிலோ அவை 80 ஐ அண்மும். ஒரு மருந்து ஈரலில் எவ்வாறு சிதைவுறும் என அறிய விரும்புவார்க்கு மனித ஈரலின் முதனிலைக் கலமே தக்க சான்று. ஆயின் அது வளர்ப்புக் கலனிற் சின்னாளிலே தன் தொழிலை இழந்துவிடும். ஆகவே ஆய்வாளர் மீண்டும் மீண்டும் மனிதரிடமே செல்லவேண்டியவராகின்றனர், செல்லுந்தோறும் கேட்கவேண்டியவருமாகின்றனர்.

கேளாது எடுத்தமைக்குச் சான்று அந்த ஹீலாவே. 1951 இல் பல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற வந்தவர் ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. அவரிடம் கேளாமலே எடுத்த இழையத்திலிருந்து பிறந்தவை அக்கலங்கள். ஐந்து பிள்ளைகளின் தாயாகிய அவர் அவ்வாண்டே தமது 31 ஆம் வயதில் மறைந்தார். கலங்கள் உலகெங்கும் பரவிய செய்தியைக் குடும்பத்தார் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தனர்.

வீசப்படும் பொருளுக்கு இசைவு எதற்கு என்பாரும் உளர். வைத்தியசாலைக்குக் கழிவாவது ஆய்வுகூடத்துக்குச் செல்வம். செல்வமென்று அறிந்தே எடுப்பவர் உரியவரைக் கேளாதிருத்தல் எவ்வாறு நேர்மையாகும்? ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவை, அவர் விளங்கிக்கொண்டபின் பெறவேண்டுமென்று 1964 இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனமும் வற்புறுத்திற்று.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை எனின், இசைவு மொழியால் நிகழ்வது என்போம். விளங்காத மொழியில் அச்சிட்ட தாளிலே நோயாளி நடுங்குங் கையால் இட்ட ஒப்பம் இசைவாகாது. தமிழில் அச்சிட்டுவிட்டால் மட்டும் போதுமோ? கலம், இழையம் என்னுஞ் சொற்கள் மாணவர்க்கு விளங்கும். வயலிலிருந்து வந்த தாய்க்கு விளங்கா. “அம்மா, உங்கள் உடம்பிலிருந்து வெட்டி எடுக்கும் தசையிற் சிறு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா? வேண்டாமென்றாலும் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது” என்று சொல்லுதல் வேண்டும். இவ்வளவு எளிமையாகச் சொல்லத் தமிழிற் பயிற்சி வேண்டும்.

எமது கல்லூரியிலிருந்து வைத்தியராயும் ஆய்வாளராயும் சென்றோர் பலர். இனிச் செல்வோரும் பலர். விஞ்ஞானத்தை ஆய்வுகூடத்திற் கற்கும் மாணவர், கேட்கும் முறையைத் தமிழ் வகுப்பிற் கற்றுச் செல்க. “வேண்டாம்” என்னும் விடையையும் முகங்கோணாது ஏற்கக் கற்றுச் செல்க.