பயிற்சியாளர் நாற்காலி யாருக்கு?

பரளச்சியில் மானாவாரி அறுவடை முடிந்து கரிசல் காடு வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில், இளைஞர்கள் வலை கட்டிக் கைப்பந்து ஆடுவார்கள். என் இளமைக் காலத்தில் பெண்கள் அங்கு நின்று வேடிக்கை பார்த்ததுகூட இல்லை. இன்று அந்த வட்டாரப் பெண்கள் கல்லூரி அணிகளில் ஆடுகிறார்கள். ஆனால், அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர், நான் அறிந்தவரை, பெரும்பாலும் ஆண்தான்.

இது நமக்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்கக் கல்லூரி மகளிருக்கான முதல் பிரிவு தேசியக் கைப்பந்துப் போட்டி 1981-இல் தொடங்கியது. பெண் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரின் அணி அதில் முதன்முதலாக வாகை சூடியது 2024 டிசம்பர் 22 அன்றுதான். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கேட்டி ஷூமாக்கர்-காலி அந்தப் பெருமைக்குரியவர். 1999-இல் அதே பல்கலைக்கழகம் தனது முதல் பட்டத்தை வென்றபோது அணியில் ஆடியவர்; வேறிடத்தில் பயிற்சியாளராக இருந்துவிட்டுத் துணைப் பயிற்சியாளராகத் திரும்பி, 2022-இல் தலைமைப் பொறுப்பேற்றவர். பட்டம் வென்ற அந்தப் பருவத்திலேயே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையும் பெற்றார்.

அவருடைய மன உறுதியை உலகம் பாராட்டியது; பாராட்டத்தான் வேண்டும். எனினும், அந்தக் கோப்பை ஒரு பெண்ணின் கைக்கு வர ஏன் 43 ஆண்டுகள் ஆயின?

1972-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. மகளிர் விளையாட்டுக்குப் பணம் வந்தது, ஆட்டக்காரர்கள் பன்மடங்காயினர். அதற்கு முன் மகளிர் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஊதியம் சொற்பமாக இருந்தவரை அந்த வேலை பெண்களுக்கு; சம்பளம் உயர்ந்ததும் ஆண்கள் விண்ணப்பித்தனர். தேர்வு செய்யும் இடத்திலும் ஆண்களே இருந்தனர். மாலையும் விடுமுறை நாளும் வெளியூர்ப் பயணமும் கேட்கும் பணிகளே கூடுதல் ஊதியம் தருகின்றன, குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் பெண்கள் அங்கேதான் பின்தங்குகிறார்கள் என்பது 2023-இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வு முடிவு. பயிற்சியாளர் பணி அதற்கு அச்சு அசலான எடுத்துக்காட்டு.

இதை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஒருமுறை கண்ணெதிரே நடந்தபோது வாய் திறக்கவில்லை. எங்கள் கல்லூரி அணியின் சிறந்த ஆட்டக்காரராக விளங்கிய திருச்சுழிப் பக்கத்துப் பெண், உடற்கல்விப் பட்டம் முடித்துவிட்டு அதே கல்லூரியில் பணிக்கு விண்ணப்பித்தார். 'மாணவிகளை வெளியூர் அழைத்துச் செல்ல ஓர் ஆண் இருந்தால்தான் சரிப்படும்' என்றார் தேர்வுக்குழுவில் ஒருவர். மாணவிகளை அழைத்துச் செல்ல ஏன் ஓர் ஆண் வேண்டும் என்று குழுவில் இருந்த எவரும் கேட்கவில்லை; நானும்தான்.

தமிழக அரசு இப்போது விளையாட்டுக்குத் தாராளமாகச் செலவிடுகிறது. வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. பணம் வரும் இந்த நேரத்திலேயே, அரசு நிதி பெறும் மகளிர் அணிகளில் எத்தனைக்குப் பெண் பயிற்சியாளர் இருக்கிறார் என்ற கணக்கைக் கல்லூரிவாரியாக வெளியிட வேண்டும். கூடவே, மாலைப் பயிற்சி முடிந்து ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் ஊர் திரும்பப் பேருந்து வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்குப் போக வேண்டிய பெண், ஆட்டத்தின் நடுவிலும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.