பறிபோனது வசதியா, உரிமையா?

2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, அதுவரை கைப்பழக்கத்தில் இருந்த பல விசயங்களைக் காணவில்லை. டாஸ்க்பாரைத் திரையின் மேலுக்கோ பக்கத்துக்கோ நகர்த்த ஏலாமல் போச்சு. ஒரு கோப்பை இழுத்துக்கொண்டுவந்து டாஸ்க்பாரில் இருக்கிற செயலிக்குள் போடவும் ஏலாது. சனம் கத்தினது. இழுத்துப் போடுறது அடுத்த வருசமே திரும்பி வந்தது. திறந்திருக்கும் சாளரங்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டுகிற வசதிக்கு 2023 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதுக்காக இயங்குதளத்தையே மாத்தோணுமா? தேவையில்லை எண்டுதான் நாங்கள் சொல்லுவம். கோபத்தில் லினக்ஸ் போட்டவர்கள் பிரின்டர் மக்கர்பண்ணின முதல் நாளே திரும்பி வந்துவிடுவார்கள். டாஸ்க்பார் ஒரு வசதி. போனால் எரிச்சல் வரும், பிறகு கை பழகிவிடும்.

ஆனால் இதோடு சேர்ந்து உரிமையும் போயிருக்கிறது. அதைப்பற்றி ஆரும் பெரிசாகக் கத்துறதில்லை. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதல் அமைக்கும்போதே இணையமும் மைக்ரோசொப்ட் கணக்கும் கேட்கும். அதைச் சுற்றிப்போகச் சனம் கண்டுபிடிச்ச குறுக்குவழிகளையும் நிறுவனம் அடைத்துக்கொண்டு வருகிறது. ரிபிஎம் 2.0 இல்லாத கணினிகளுக்கு அது அதிகாரபூர்வமாகக் கிடையாது. இன்டெலில் 2017 இல் வந்த எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, நல்லா ஓடினாலும், ஏறக்குறைய எல்லாமே வெளியில்தான். செகண்ட் ஹேண்ட் லப்டொப்பில் படிக்கிற எங்கட பெடியளுக்கு இது சின்ன விசயம் இல்லை.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர் இன்னொரு வருசம் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம். 30 டொலர் கட்டினாலும் மைக்ரோசொப்ட் கணக்கு கட்டாயம். காசு குடுத்து வாங்கின மெசினைப் பாவிக்க இன்னொருத்தரிட்ட பெயர் பதியோணும் எண்டு வந்தால், மாறுற நேரம் வந்திட்டுது.

அதை அவசரத்தில் செய்யாதேங்கோ. முதலில் விண்டோஸிலேயே லிப்ரே ஒபிஸிலும் பயர்பொக்ஸிலும் ஒரு மாதம் வேலை செய்யுங்கோ. இரண்டும் லினக்ஸிலும் ஓடும். பிறகு லினக்ஸ் மின்டை யுஎஸ்பியில் போட்டு, நிறுவாமலே ஓடவிட்டு, வைபை, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு சரியா எண்டு பாருங்கோ. பாமினியில் இருக்கிற பழைய கோப்புகளை, அந்த எழுத்துருவை அங்கேயும் நிறுவினால் வாசிக்கலாம்.

போட்டோஷொப்பை நம்பிப் பிழைக்கிறவர்கள் இப்ப மாற ஏலாது. அடோபி லினக்ஸுக்கு அதைத் தருவதில்லை. அவர்கள் இருக்கட்டும். ஆனால் உலாவியும் எழுத்துவேலையும் மட்டுமே தேவைப்படுகிற நாங்கள், திருத்தம் வராத விண்டோஸ் 10 ஓடு "பிறகு பாப்பம்" எண்டு இருக்கிறது சரியில்லை. திகதி குறிக்கிற வேலையை மைக்ரோசொப்டிடம் விடாமல், இந்த விடுமுறைக்குள்ளேயே யுஎஸ்பியைத் தயார்பண்ணுவம்.