பொன்னாடையும் படியளப்பும்

கொழும்பிலிருந்து புறப்படும் இரயில் கடுகண்ணாவைக் கணவாயை மூச்சிரைக்க ஏறி முடித்ததும், கண்டிக்குப் போகும் வழியில் பிலிமத்தலாவையைக் கடக்கிறது. இலங்கை இறையியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பிரஸ்பிடேரியன் சபைகள் 1963இல் கூடி அமைத்தது. சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களைப் பயிற்றுவிப்பது. அங்கு பயின்று வெளியேறும் இளைஞனுக்குப் படியளப்பது யார்? தலைவர்களைக் கனப்படுத்துங்கள் என்று மேடைதோறும் முழங்குவோர் இந்தக் கேள்வியை மட்டும் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகிறார்கள்.

நம்மவர் கனப்படுத்தும் விதத்தை வாசகர்கள் நன்கறிவர். பொன்னாடை, ஆளுயர மாலை, வெள்ளிவிழா மலர், பக்கத்துக்குப் பக்கம் வாழ்த்துச் செய்தி. (அத்தகைய மலர்கள் பலவற்றுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். வரவு செலவுக் கணக்கு அச்சான மலரொன்றை இன்னும் கண்டதில்லை.)

இதற்கு ஆதாரமாகப் பவுலைத் துணைக்கழைப்பார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், நன்றாக நடத்தும் மூப்பருக்கு இருமடங்கு கனம் வேண்டும் என்கிறார் அவர். உண்மைதான். ஆனால் அங்கே அவர் ஆளும் கிரேக்கச் சொல்லுக்கு மதிப்பு என்றும் விலை என்றும் இரு பொருளுண்டு. அடுத்த வரியிலேயே போரடிக்கும் மாட்டின் வாயையும் வேலையாளின் கூலியையும் பற்றிப் பேசுகிறார். அவர் கேட்டது சால்வையன்று, சோறு. அத்தோடும் நிறுத்தவில்லை. மூப்பர்மீது குற்றச்சாட்டு வந்தால் சாட்சிகளோடு விசாரிக்கவும், குற்றம் செய்தவரை எல்லார் முன்னும் கண்டிக்கவும் சொல்கிறார். மேடையில் அந்த வரிகள் மட்டும் வாசிக்கப்படுவதில்லை.

யார் படியளக்கிறார்களோ அவர்களுக்கே போதகர் வாய் கட்டுப்படும். கண்டிச் சீமையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1850களில் கோப்பித் தோட்டத் தமிழரிடையே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். செலவுக்குத் தோட்டத் துரைமாரின் நன்கொடை பெரிதும் கைகொடுத்தது. துரையின் பணத்தில் உண்ட உபதேசியார், அரைப்பேர் போட்ட கங்காணியைப் பற்றித் துரையிடம் எப்படிக் கேட்பார்? அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

மலையகத் தமிழரின் உரிமைக்காகக் கண்டியில் 1972இல் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் எந்தத் தோட்டத்தின் செக்ரோலிலும் பெயர் பதிந்தவரல்லர். அதே ஆண்டில் கண்டி ஆயர் லியோ நாணயக்கார, பெரிய மறைமாவட்டத்தை விட்டுப் புதிதாக அமைந்த பதுளைக்குப் போனார். அவர்களைக் கனப்படுத்த விரும்புவோர் அவர்கள் பேசியதையும் கேட்க வேண்டும்.

இன்றைய துரைமார் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த அன்பர்கள் சினம் கொள்ள வேண்டாம். நீங்கள் அனுப்பும் பணம் போதகரின் கைக்கு நேரே போனால், அவர் உங்களுக்குக் கணக்குச் சொல்வார். தமது சபைக்குச் சொல்லமாட்டார். சபையின் பொதுப் பெட்டிக்குப் போனால் அதே பணம் வேறு வேலை செய்யும்.

ஏழைச் சபை எப்படித் தாங்கும் என்பார்கள். 1912இல் முதல் இந்திய அங்கிலிக்கன் ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தோர்ணக்கல்லின் ஏழைத் தெலுங்குக் கிராமத்தாரைக் கொண்டே சபையைத் தாங்கச் செய்தார். 1,000 ரூபா நாட்சம்பளத்தை 2021இல்தான் கண்ட நம் தோட்டப் பெண்களும் ஞாயிறு தவறாமல் காணிக்கை போடுகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது கணக்கை.

அடுத்த வெள்ளிவிழாவுக்குக் குழு அமைக்கும் பெரியவர்கள், மாலைக்கு விலை பேசுமுன், தோட்டத்து உபதேசியாரின் சென்ற மாதச் சம்பளம் கொடுபட்டதா என்பதைக் கூட்டக் குறிப்பில் முதல் விடயமாகப் பதியட்டும்.